தலைக்கனத்தைக் குறைத்துக்கொள்வது எப்படி? சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

சிங்கப்பூருக்கு வேலைக்கு வரும் நம்மவர்கள் பலருக்கு முதல் சில மாதங்களில் இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஊரில் மதிப்பு ஏறுகிறது. "பையன் சிங்கப்பூர்ல இருக்கான்" என்று சொல்லும்போதே அம்மாவின் குரல் உயர்கிறது. மாமாவும் சித்தப்பாவும் சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டுத் தனி மரியாதை தருகிறார்கள். இங்கேயோ வந்தவரை யாருக்கும் தெரியாது. படித்த கல்லூரியின் பெயரைச் சொன்னால், "அது எங்க இருக்கு?" என்று கேட்கிறார்கள்.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் பலர் தங்களைப் பற்றித் தாங்களே பேசத் தொடங்குகிறார்கள். பழைய வேலையில் எத்தனை பேரை மேய்த்தோம், ஊரில் வீடு எவ்வளவு பெரியது, எந்தத் தேர்வில் எத்தனையாவது இடம் என்றெல்லாம். கேட்பவர் தலையாட்டுவார். அடுத்த முறை சாப்பிடப் போகும்போது கூப்பிடமாட்டார். ஏன் கூப்பிடவில்லை என்று சொல்லவும் மாட்டார். இந்த ஊரில் முகத்துக்கு நேரே யாரும் எதுவும் சொல்வது அபூர்வம்.

இதைக் கெட்ட குணம் என்று திட்ட எனக்கு மனம் வரவில்லை. பாதி, தனிமையின் வேலை. ஆனால் விலை அதிகம். நண்பர்கள் அமைவது தள்ளிப்போகிறது, வேலை கற்றுக்கொள்வதும் தள்ளிப்போகிறது. பணிவையும், தன்னைத்தானே லேசாகக் கிண்டல் செய்துகொள்ளும் பழக்கத்தையும் சேர்த்துக் கைக்கொண்டால் இது நன்றாகவே குறையும். இரண்டும் சேர்ந்து வர வேண்டும். பணிவு இல்லாத கிண்டல் வெறும் நடிப்பாகிவிடும்.

முதலில் கவனிப்பது

ஒரு வாரம் எதையும் மாற்ற வேண்டாம். கைப்பேசியில் ஒரு குறிப்பு திறந்து வைத்துக்கொண்டு, தினமும் இரவில் மூன்று கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். இன்று யாராவது ஒரு நல்ல செய்தி சொன்னபோது, நான் உடனே என் கதைக்குத் தாவினேனா? தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டேனா? "எங்க ஊர்ல", "என் பழைய கம்பெனியில" என்று எத்தனை முறை ஆரம்பித்தேன்?

மூன்றில் முதல் கேள்விதான் முக்கியமானது. தன்மதிப்பு உள்ளவரால் அடுத்தவரின் நல்ல செய்தியை அப்படியே கேட்க முடியும். தலைக்கனம் இருந்தால் அந்தச் செய்தி முடிவதற்குள் உள்ளே ஒரு போட்டி தொடங்கிவிடும். நண்பர் "வீவக வீட்டுக்குச் சாவி கிடைச்சிருச்சு" என்கிறார் (வீவக என்பது அரசாங்க அடுக்குமாடி வீடு). உங்கள் வாய் "எந்த மாடி? கிழக்கா? எங்க பக்கம்னா எம்ஆர்டி ரயில் ரெண்டே நிமிஷம்" என்கிறது. அதை எழுதி வையுங்கள், போதும்.

நம்மை நாமே மிகையாக மதிப்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். 1981இல் ஸ்வீடன் ஆய்வாளர் ஓலா ஸ்வென்சன் வாகன ஓட்டிகளிடம் அவர்களுடைய திறமையைப் பற்றிக் கேட்டார். அமெரிக்கர்களில் 93 விழுக்காட்டினர், குழுவில் பாதிப் பேரைவிடத் தாங்கள் நன்றாக ஓட்டுவதாகச் சொன்னார்கள். கணக்குப்படி அது நடக்கவே முடியாது. 1999இல் டேவிட் டன்னிங், ஜஸ்டின் குரூகர் என்ற இருவர் தர்க்கம், இலக்கணம், நகைச்சுவை உணர்வு ஆகியவற்றில் சோதனை வைத்தார்கள். கடைசிக் கால்பகுதியில் வந்தவர்கள் சராசரியாக 12ஆவது நூற்றுமானத்தில் இருந்தார்கள், அதாவது நூறு பேரில் 12 பேரைத்தான் முந்தியிருந்தார்கள். அவர்கள் தங்களுக்குப் போட்டுக்கொண்ட இடமோ 62. அதில் நகைச்சுவையும் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கிண்டல் நமக்குத் தோன்றும் அளவுக்கு மற்றவர்களுக்குச் சிரிப்பு தராமல் போகலாம். அதனால்தான் சின்னதாகத் தொடங்கச் சொல்கிறேன்.

அடுத்து, கேட்டுப் பழகுவது

பணிவை எங்கே பழகுவது என்று கேட்டால், உணவங்காடி நிலையத்தின் பானக் கடை என்பேன். தேநீருக்கு இங்கே தே என்று பெயர். கெட்டியான இனிப்பு டின் பால் ஊற்றி வருவது வெறும் தே. பால் இல்லாமல் சர்க்கரை மட்டும் என்றால் தே ஓ. கெட்டியான இனிப்புப் பாலுக்குப் பதில் இனிப்பில்லாத டின் பால் என்றால் தே சி. சர்க்கரையே வேண்டாம் என்றால் பின்னால் கொசோங் சேர்க்க வேண்டும், இனிப்பு குறைவாக வேண்டும் என்றால் சியு தாய். புதிதாக வந்தவர் இதில் கட்டாயம் தடுமாறுவார். அந்தத் தடுமாற்றத்தை மறைக்காமல், "அங்கிள், நான் புதுசு, பால் இல்லாம சர்க்கரை கம்மியா வேணும், எப்படிச் சொல்லணும்?" என்று கேளுங்கள். பின்னால் வரிசை நிற்கும், அதனால் சுருக்கமாக. பெரும்பாலும் சொல்லித் தருவார்கள். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே திருப்பி வையுங்கள். உணவங்காடி நிலையங்களில் 2021 செப்டம்பர் 1 முதல் அது கட்டாயம். ஆனாலும் சுத்தம் செய்யும் ஆன்ட்டியைப் பார்த்து ஒரு நன்றி சொல்வதைச் சட்டம் கேட்பதில்லை, அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலையிடத்திலும் இதே பயிற்சிதான். தினமும் ஒருமுறை, உங்களைவிடச் சின்னப் பொறுப்பில் இருக்கும் ஒருவரிடம் உங்களுக்கு உண்மையாகவே தெரியாத ஒன்றைக் கேளுங்கள். கட்டுமானத் தளத்தில் பொறியாளராக வந்திருந்தால், பல வருடமாக அங்கே வேலை பார்க்கும் நம் ஊர் அண்ணனிடம் கேளுங்கள். எந்த மேற்பார்வையாளரை எப்படி அணுகுவது, மழை வந்தால் எந்த வேலையை முதலில் நிறுத்துவது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். "அண்ணே" என்று கூப்பிடுங்கள். "ஏம்ப்பா" வேண்டாம். பதில் வந்ததும் "ஆமா, நானும் அதான் நினைச்சேன்" என்று சொல்லாமல் இருப்பது இந்தப் பயிற்சியில் பாதி.

தமிழில் மோதும் இடம்

இதற்குத் தனியாக இடம் ஒதுக்குகிறேன், ஏனென்றால் நம்மவர்களின் தலைக்கனம் இங்கேதான் அதிகம் காயப்படுத்துகிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் உள்ளூர்த் தமிழரின் பேச்சைக் கேட்டதும், "உங்க தமிழ்ல மலாய் கலக்குது", "இதைத் தமிழ்ல இப்படிச் சொல்லமாட்டாங்க" என்று திருத்தக் கிளம்பிவிடுகிறார். எதிரில் இருப்பவர் நான்காவது தலைமுறையாக இங்கே இருப்பவராக இருக்கலாம். தமிழை விட்டுவிட எல்லா வசதியும் இருந்தும் அதை விடாமல் வைத்திருப்பவர் அவர்.

1819இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸோடு வந்த நாராயண பிள்ளை, 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலைத் தொடங்கினார். 1887இல் இங்கே 'சிங்கை நேசன்' என்ற தமிழ் வார இதழ் வந்தது. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு' இன்றும் வருகிறது. நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் தமிழும் ஒன்று. பெருவிரைவு ரயில், சமூக மன்றம், உணவங்காடி நிலையம், அடுக்குமாடி என்று இங்கே புழங்கும் சொற்களைப் பாருங்கள். சென்னையில் நாம் ஆங்கிலத்திலேயே சொல்லும் எத்தனையோ விஷயங்களுக்கு இவர்கள் தமிழில் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே வேலை எளிது. ஒருவரைத் திருத்தத் தோன்றும்போதெல்லாம், அவரிடம் ஒரு சொல்லைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி, ஒரு சமூக மன்ற நிகழ்ச்சியில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட விதம் எனக்கு மிகவும் பிடித்தது. "வந்த புதுசுல பேப்பர்ல வீவக, வீவகன்னு போட்டிருந்துச்சு. கழகம்னா நமக்குத் தெரியுமே, இங்கேயும் ஒண்ணு பிரிஞ்சு வந்துருச்சு போலன்னு நினைச்சு, தலைவர் யாருன்னு வீட்டு ஓனர்கிட்டயே கேட்டுட்டேன்." வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பெயரைத்தான் அவர் கட்சியாக்கிவிட்டார். அறையே சிரித்தது. அதன் பிறகு அந்தக் கூட்டத்தில் அவருக்கு உதவி செய்யாதவர் இல்லை.

தன்னைத்தானே கிண்டல் செய்வது எப்படி

அந்தத் தம்பி சொன்னதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். நடந்தது உண்மை. தவறு சின்னது, யாருக்கும் நட்டமில்லை. நடந்து முடிந்தது, இப்போது அவருக்கு வீவக என்றால் என்னவென்று தெரியும். சிரிப்பு அவர் மேல் மட்டும் விழுகிறது. முக்கியமாக, கேட்டவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றில் தான் புதியவர் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். அந்த இடத்தில் அவர்கள் ஆசிரியர்களாகிவிடுகிறார்கள். இப்படியான கிண்டல்தான் வேலை செய்யும்.

இது மேல்நாட்டிலிருந்து இரவல் வாங்கிய பழக்கமும் இல்லை. காவியம் பாடும் நம் புலவர்கள் தொடக்கத்திலேயே அவையடக்கம் பாடுவார்கள். இராமன் கதையைச் சொல்ல வந்த தன் ஆசையைக் கம்பர், பாற்கடலைப் பார்த்துவிட்டு அதை முழுக்க நக்கிக் குடித்துவிடலாம் என்று புகுந்த பூனையோடு ஒப்பிடுகிறார். எழுதியவர் கம்பர்! அவ்வளவு பெரிய வேலையைத் தொடங்கும் இடத்தில் சபையைச் சிரிக்க வைத்துவிட்டு, பிறகு வேலையை முழுமையாகச் செய்து முடிக்கிறார். இரண்டும் சேர்ந்தால்தான் அழகு.

சரி, எதைப் பற்றிக் கிண்டல் செய்யலாம், எதைப் பற்றிக் கூடாது? இதற்கு 1966இல் அமெரிக்க உளவியலாளர் எலியட் அரன்சன் குழு செய்த ஒரு சோதனை உதவுகிறது. வினாடி வினாவுக்குத் தயாராகும் ஒருவரின் ஒலிப்பதிவை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பதிவில் அவர் பெரும்பாலான கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்வார், இன்னொன்றில் சுமாராக. இரண்டிலுமே சிலருக்கு மட்டும், அவர் காபியைத் தன் கோட்டில் கொட்டிக்கொள்ளும் பகுதியும் கேட்டது. திறமைசாலி கொட்டிக்கொண்டபோது அவரைக் கேட்டவர்களுக்கு இன்னும் பிடித்தது. சுமாரானவர் கொட்டிக்கொண்டபோது பிடிப்பு குறைந்தது.

புதிதாக வேலையில் சேர்ந்தவருக்கு இதில் நேரடியான பாடம் இருக்கிறது. உங்கள் வேலைத்திறன் இன்னும் யாருக்கும் தெரியாத நிலையில் அந்தத் திறனையே கிண்டல் செய்யாதீர்கள். முதல் வாரத்தில் "எனக்குக் கணக்கே வராதுங்க" என்று ஒரு கணக்காளர் சொன்னால், சீன மேலாளர் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார், குறித்து வைத்துக்கொள்வார். தோபி காட் நிலையத்தில் வழி தெரியாமல் சுற்றியது, லக்சாவின் மிளகாயை அலட்சியமாக நினைத்துக் கண் கலங்கியது, குடை இல்லாமல் இறங்கி நனைந்தது என்று வேலைக்கு வெளியே எவ்வளவோ இருக்கிறது. வேலையில் உங்களை நம்பத் தொடங்கிய பிறகு, வேலையில் செய்த சின்னத் தடுமாற்றங்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சொல்லும் விதத்தில் ஒன்றே ஒன்று: சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பேச்சை அடுத்தவரிடம் கொடுங்கள். "உங்களுக்கு முதல் வாரம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டால் போதும். தன்னைக் கிண்டல் செய்தபடியே பத்து நிமிடம் மேடையைப் பிடித்துக்கொள்பவர், தற்பெருமையை வேறு சட்டை போட்டு அழைத்து வந்திருக்கிறார்.

தவிர்க்க வேண்டியவை

பாராட்டுக்கு வீசும் தூண்டில் முதலாவது. "என்னமோ தெரியல, எல்லாப் பெரிய புராஜெக்டையும் என் தலையிலயே கட்டுறாங்க, நான் ஒரு ஏமாளி" என்பது கிண்டல் இல்லை. கேட்பவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பெருமைப்பட வேண்டிய செய்தி இருந்தால் நேராகச் சொல்லிவிடுங்கள். "எனக்குப் பதவி உயர்வு கிடைச்சிருக்கு, ரொம்ப சந்தோஷமா இருக்கு" என்பதில் எந்தத் தலைக்கனமும் இல்லை.

மனைவியையோ கணவரையோ வைத்துச் செய்யும் கிண்டலும் தற்கிண்டல் ஆகாது. "வீட்ல நான் பேச முடியாது சார்" என்ற பழைய நகைச்சுவையில் அடி வாங்குவது அருகில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்தான்.

மூன்றாவதை நான் கடுமையாகவே சொல்கிறேன். உங்கள் நிறம், உங்கள் இனம், உங்கள் உச்சரிப்பு ஆகியவற்றை வைத்துக் கிண்டல் செய்யாதீர்கள். சீனரும் மலாய்க்காரரும் யூரேசியரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் மேசையில், "விளக்கை அணைச்சா என்னைத் தெரியாது", "நாங்க இந்தியர்கள் எப்பவுமே லேட்" என்று நீங்கள் சொன்னால், எல்லோரும் சிரிப்பார்கள். நாளைக்கு அதையே இன்னொருவர், பள்ளியில் படிக்கும் ஒரு தமிழ்ப் பிள்ளையிடம் சொல்வார். அந்தப் பிள்ளைக்குச் சிரிக்கத் தோன்றாது. அனுமதி கொடுத்தது நாம். உங்கள் மேல் நீங்கள் சிரிக்கலாம், எல்லோருக்கும் சொந்தமான ஒன்றின் மேல் சிரிக்க நமக்கு உரிமை இல்லை.

மேலதிகாரியாக இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் பார்த்து நடக்க வேண்டும். நீங்கள் உங்களைக் கிண்டல் செய்தால் கீழே இருப்பவர் சிரிப்பதா வேண்டாமா என்று தவிப்பார். ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டு, "போன தடவை நான் எடுத்த முடிவு சரியில்ல, நீங்க சொன்னதுதான் சரி" என்று நேராகச் சொல்வது அதைவிடப் பெரிய பணிவு.

அளவு தெரிந்து நிறுத்துவது

கனடாவின் உளவியலாளர் ராட் மார்ட்டினும் உடன் பணியாற்றியவர்களும் 2003இல் நகைச்சுவையை நான்கு வகையாகப் பிரித்தார்கள். மற்றவர்களோடு நெருங்க உதவுவது, கஷ்டத்தில் தன்னைத் தேற்றிக்கொள்வது, அடுத்தவரைத் தாக்குவது, தன்னையே தாழ்த்திக்கொள்வது. கடைசி வகையை அதிகம் கையாள்பவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் அதிகமாகவும், தன்மதிப்பு குறைவாகவும் காணப்பட்டன.

எனவே ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். சொல்லிச் சிரித்த பிறகு மனம் லேசாகிறதா, கனக்கிறதா? லேசானால் தொடருங்கள். வீட்டுக்கு வந்து படுத்த பின்னும் "நான் உண்மையிலேயே எதுக்கும் லாயக்கில்லாதவன்" என்று அது சுற்றிக்கொண்டிருந்தால், நிறுத்திவிட்டு நம்பிக்கையான ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். யாரும் இல்லை என்று தோன்றும் நேரத்துக்கு, மன உளைச்சலில் இருப்பவர்களுக்கு உதவும் எஸ்ஓஎஸ் (சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர்) அமைப்பின் 1767 என்ற எண்ணில் 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள். ஊரை விட்டு வந்து தனியாக இருப்பவருக்கு இது கூச்சப்பட வேண்டிய விஷயமே இல்லை.

எங்கே போய்ப் பழகுவது

சிங்கப்பூரில் தமிழில் நடக்கும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்கள் இருக்கின்றன. 1924இல் கலிபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய அமைப்பு அது. பேசக் கற்றுக்கொள்ளும் இடம் என்றுதான் பலர் போகிறார்கள். எனக்கு அதில் பிடித்தது இன்னொன்று. தயாரித்த உரையைப் பேசி முடித்ததும், இன்னொரு உறுப்பினர் எழுந்து எல்லோர் முன்னிலையிலும் அதை மதிப்பிடுவார். நீங்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும். விளக்கம் சொல்ல முடியாது. தலைக்கனத்துக்கு இதைவிட நல்ல மருந்தை நான் பார்த்ததில்லை.

ஏப்ரலில் நடக்கும் தமிழ்மொழி விழாவின் பட்டிமன்றங்களுக்கும் போங்கள். நல்ல பேச்சாளர் முதல் இரண்டு நிமிடத்தில் தன்னை எப்படி இறக்கி வைக்கிறார் என்று பாருங்கள். கோயில் அன்னதானத்தில் பரிமாற, பாத்திரம் கழுவப் பெயர் கொடுங்கள். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு கோயில் வரை பக்தர்களுக்குத் துணை நிற்பவர்களில் வங்கி அதிகாரியும் இருப்பார், கப்பல் பட்டறைத் தொழிலாளியும் இருப்பார். யார் யார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

பிள்ளைகள் இருந்தால்

இந்தப் பழக்கம் வீட்டுக்குள் தெரியும் இடம், மதிப்பெண் பேச்சு. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் முதலிடம் பெற்றவர்களின் பெயரை வெளியிடுவதைக் கல்வி அமைச்சு 2012இலேயே நிறுத்திவிட்டது. 2021 முதல் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை அடைவுநிலை மட்டுமே. நான்கு பாடங்களைக் கூட்டினால் 4 முதல் 32 வரை வரும், குறைவாக இருப்பதே நல்லது. நூலிழை வித்தியாசத்தில் பிள்ளைகளை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டாம் என்பதற்காக நாடே எடுத்த முடிவு அது. நாமோ குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மதிப்பெண்ணைப் போட்டு அத்தை பிள்ளையோடு ஒப்பிடுகிறோம். குழுவில் போடுவதை நிறுத்துங்கள். பதிலாக, சிறு வயதில் நீங்கள் தோற்ற ஒரு தேர்வின் கதையைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள், சிரிக்கும்படி சொல்லுங்கள்.

வழுக்கிய பிறகு

இவ்வளவு செய்தும் ஒருநாள் பழையபடி அளந்துவிடுவீர்கள். யாரையாவது மட்டம் தட்டியும் விடலாம். அப்போது கிண்டலைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். மன்னிப்பு கேட்கும் இடத்தில் நகைச்சுவை வந்தால், அடிபட்டவர் தன் வலியையும் சேர்த்துச் சிரிக்க வேண்டியிருக்கும்.

மறுநாளே தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, நேத்து எல்லார் முன்னாடியும் உங்க பேச்சைத் திருத்தினது தப்பு. மன்னிச்சிருங்க" என்று சொல்லுங்கள். ஏன் அப்படிச் செய்தோம் என்ற விளக்கம் வேண்டாம், "ஆனா" என்ற சொல்லும் வேண்டாம். வெறும் பெருமை அடித்துக்கொண்டதோடு போயிருந்தால் மன்னிப்புகூடத் தேவையில்லை. அன்றைக்கு அவர் சொல்ல வந்து நீங்கள் மறித்த விஷயம் என்னவென்று நினைவுபடுத்திப் பாருங்கள். "நேத்து அம்மா உடம்பைப் பத்திச் சொல்ல வந்தீங்களே, இப்ப எப்படி இருக்காங்க?" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். பதில் வந்தால், முழுதாகப் படித்துவிட்டு அவரைப் பற்றியே இன்னொரு கேள்வி கேளுங்கள்.